எலும்புக்குக் கேட்கும் எடை: கோல்ட் கோஸ்ட் பெண்களின் எட்டு மாதப் பயிற்சி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

தலைக்கு மேலே ஓர் இரும்புக் கம்பி. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் அதை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, கால்களால் எம்பி, கைகளால் தன்னை மேலே இழுத்து, உச்சியை எட்டியதும் பிடியை விட்டுத் தொம்மென்று தரையில் இறங்குகிறார். பூப்போல இறங்க வேண்டாம், உடம்பு தாங்குகிற அளவுக்கு அழுத்தமாகவே காலூன்றி இறங்க வேண்டும் என்பதே அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அவருடைய எலும்பு அடர்த்தி குறைந்துவிட்டது என்று ஸ்கேன் ஏற்கெனவே காட்டியிருக்கிறது. அந்த வயதில் அப்படியொரு ஸ்கேன் அறிக்கையுடன் வருபவரிடம் பார்த்து நடக்கவும், கனமானதைத் தூக்காமல் இருக்கவும் சொல்வதுதான் வழக்கம். இவருக்குக் கொடுக்கப்பட்டதோ அதற்கு நேர்மாறான வேலை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கோல்ட் கோஸ்ட் நகரில் உள்ள கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், பெலிண்டா பெக் தலைமையிலான குழு நடத்திய 'லிஃப்ட்மோர்' ஆய்வின் ஒரு பகுதி இது. ஸ்டீவன் வாட்சன் முதல் ஆசிரியராக இருக்க, இதன் முடிவுகள் 2018இல் வெளியாயின. எடைப்பயிற்சி எலும்புக்கு நல்லது என்ற பொதுப்பேச்சு அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் எவ்வளவு எடை, யாருக்கு, எவ்வளவு காலம் என்ற கேள்விகளுக்கு வழக்கமாகக் கிடைத்த விடைகள் மிகவும் தயக்கமானவை. ஆபத்து அதிகம் என்று கருதப்பட்டவர்களிடமே அதிக எடையைக் கொடுத்துப் பார்த்தது என்பதால்தான் இந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, எலும்பும் அதைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுக்களும் சுமைக்கு எப்படிப் பதில் சொல்கின்றன என்று பார்க்கலாம் எனத் தோன்றியது.

ஒரு சொல் விளக்கம் முதலில் தேவைப்படுகிறது. நம் பேச்சில் 'எலும்புத் தேய்மானம்' என்பது இரண்டு வெவ்வேறு நோய்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. மூட்டிலுள்ள குருத்தெலும்பு தேய்ந்து முழங்கால் வலிப்பது ஒன்று. எலும்பின் உள்ளே தாதுக்கள் குறைந்து, வலி எதுவும் இல்லாமலேயே அது நொய்ந்துபோவது மற்றொன்று. இங்கே பேசப்படுவது இரண்டாவது, அதாவது எலும்புப்புரை. எலும்பு அடர்த்தியை டெக்சா ஸ்கேன் அளக்கிறது. அந்த அளவு ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை டி-ஸ்கோர் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த எல்லைப்படி, -1.0க்குக் கீழே போனால் அடர்த்திக் குறைவு; -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. ஆய்வில் சேர்க்கப்பட்ட 101 பெண்களும் மாதவிடாய் நின்றவர்கள். எல்லோருடைய டி-ஸ்கோரும் -1.0க்குக் கீழே இருந்தது. சராசரி வயது 65.

பயிற்சிக் கூடத்தில் நடந்தது

பெண்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 52 பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழுவுக்கு வீட்டிலேயே செய்யும் இலேசான பயிற்சி தரப்பட்டது. கையில் பிடிக்கும் எடை அதிகபட்சம் 3 கிலோ. அதனுடன் நடை, கால்களை முன்வைத்து மடக்குவது, உடலை நீட்டி வளைப்பது போன்றவை. முதியவர்களுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் பயிற்சிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்பீடு சோம்பலோடு அன்று, நல்லெண்ணத்தோடு தரப்படும் மென்மையான அறிவுரையோடு.

மற்ற 49 பேர் வாரம் இருமுறை, முறைக்கு 30 நிமிடம், பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில், இரு முனைகளிலும் எடைத்தட்டுகள் மாட்டிய பார்பெல் கம்பியைத் தூக்கினர். தரையிலிருந்து கம்பியை இடுப்பளவுக்கு நிமிர்ந்து தூக்கும் டெட்லிஃப்ட், தோளில் கம்பியைச் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், தலைக்கு மேலே உயர்த்தும் ஓவர்ஹெட் பிரஸ் ஆகிய மூன்றும், தொடக்கத்தில் சொன்ன எம்பிக் குதிக்கும் பயிற்சியும்தான் மொத்தப் பட்டியல். ஒவ்வொரு தூக்கலும் ஐந்து ஐந்தாக ஐந்து சுற்று. எடையின் அளவு ஒருவர் ஒரே ஒருமுறை மட்டும் தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 85 விழுக்காட்டுக்கும் மேல். ஒருவரால் 40 கிலோவை ஒருமுறை தூக்க முடியுமானால், அவர் பயிற்சியில் தூக்குவது 34 கிலோவுக்கு மேல் என்று கணக்கு. ஐந்தாவது முறை தூக்கும்போது ஆறாவதைப் பற்றி நினைக்கத் தோன்றாத எடை அது.

முதல் நாளிலேயே இது தொடங்கிவிடவில்லை. முதல் மாதம் முழுவதும் உடல் எடையையும் மிகக் குறைந்த சுமையையும் கொண்டு, அசைவின் ஒழுங்கு மட்டுமே கற்பிக்கப்பட்டது. ஆய்வைச் சுருக்கிச் சொல்லும் செய்திகளில் இந்த ஒரு மாதம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. என் பார்வையில் மொத்த வடிவமைப்பிலும் மிக முக்கியமான பகுதி அதுதான். காரணத்தைத் தசைநாண் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

எட்டு மாத முடிவில், கனமாகத் தூக்கியவர்களின் இடுப்பு முதுகெலும்பு அடர்த்தி சராசரியாக 2.9% கூடியிருந்தது, இலேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2% குறைந்திருந்தது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் ஒரு தரப்புக்கு 0.3% கூடுதல், மறுதரப்புக்கு 1.9% குறைவு. அதே கழுத்துப் பகுதியின் புறணி, அதாவது எலும்பின் கெட்டியான வெளிச்சுவர், 13.6% தடித்தது, ஒப்பீட்டுக் குழுவில் அது 6.3%. கால் வலிமையும் முதுகு வலிமையும் கூடின. நாற்காலியிலிருந்து எழும் வேகமும் கூடியது. உயரத்தில்கூட 0.2 செ.மீ. ஏற்றம் பதிவானது, மற்றவர்கள் அதே அளவு குறுகியிருந்தார்கள்.

இந்த எண்களில் தொடை எலும்புக் கழுத்தின் 0.3% சிறியதாகத் தெரியலாம். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால், எலும்பை அரிக்கும் செல்களின் வேலை எலும்பைக் கட்டும் செல்களின் வேலையை முந்திக்கொண்டு போகிறது. ஆண்டுதோறும் இழப்பதே அந்த வயதின் இயல்பு. அப்படி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நிறுத்துவதே ஒரு சாதனை. முதுகெலும்பிலோ அது பின்னோக்கியே நகர்ந்திருக்கிறது. மொத்த நேரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 70 அமர்வுகள், 35 மணி நேரம்.

எண்ணிக்கை அல்ல, அழுத்தம்

ஒரு மணி நேரம் நடந்தால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் வைக்கிறோம். லிஃப்ட்மோர் பெண்கள் ஓர் அமர்வில் கம்பியைத் தூக்கியது 75 முறை. எலும்பு ஏன் இந்தச் சிறிய எண்ணுக்குச் செவிசாய்க்கிறது?

எலும்பின் கெட்டியான பகுதிக்குள் புதைந்து கிடக்கும் செல்கள், மயிரிழையிலும் மெல்லிய கால்வாய்கள் வழியாக ஒன்றோடொன்று தொடர்புகொண்டிருக்கின்றன. எலும்பு ஒரு நொடி மிக நுண்ணிய அளவில் வளையும்போது அந்தக் கால்வாய்களில் உள்ள திரவம் நகர்கிறது; அந்த நகர்வையே செல்கள் சுமை என்று உணர்கின்றன. சுமை இல்லாதபோது அவை ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரந்து, எலும்பு கட்டும் வேலைக்குத் தடை போடுகின்றன. சுமை ஏறும்போது அந்தச் சுரப்பு குறைந்து, தடை விலகுகிறது. எலும்புப்புரைக்குத் தரப்படும் ரோமோசோசுமாப் என்ற ஊசிமருந்து இதே புரதத்தைத்தான் முடக்குகிறது. கம்பி செய்யும் வேலையில் ஒரு பங்கை மருந்து வேறு வழியாகச் செய்கிறது என்று இதைச் சொல்லலாம்.

இந்தச் செல்கள் பழகிய சுமையைப் பொருட்படுத்துவதில்லை. ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வரும் அழுத்தத்துக்கு அவை விரைவில் மரத்துப்போகின்றன. கிளின்டன் ரூபினும் லான்ஸ் லேன்யனும் 1984இல் வெளியிட்ட சேவல் ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. சேவலின் இறக்கை எலும்பு ஒன்றை இயல்பான சுமையிலிருந்து விடுவித்து, கருவி மூலம் நாளொன்றுக்குக் குறிப்பிட்ட முறை மட்டும் அழுத்திப் பார்த்தார்கள். நாளுக்கு 4 அழுத்தங்களே எலும்பு கரைவதைத் தடுக்கப் போதுமாயிருந்தன. 36 அழுத்தங்களில் எலும்பு கணிசமாக வளர்ந்தது. அதை 1,800 ஆக உயர்த்தியும் மேற்கொண்டு பயன் ஏதும் கிடைக்கவில்லை. 1997இல் ஜப்பானில் எலிகளைக் குதிக்க வைத்துச் செய்த ஆய்விலும் நாளுக்கு 5 குதிப்புகளே எலும்பில் மாற்றம் காட்டின. 100 குதிப்புகள் அதைவிடப் பெரிதாக எதையும் தந்துவிடவில்லை.

சேவலையும் எலியையும் வைத்து மனிதரைப் பேசலாமா என்று கேட்பவர்களுக்கு, மேற்கு ஆஸ்திரேலியாவில் 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. மாதவிடாய் நின்ற 56 பெண்கள் உடலின் ஒரு பக்கத்தை மட்டும் ஓராண்டு பயிற்றுவித்தார்கள். மறுபக்கம் அவரவருக்கே ஒப்பீடு. ஒரு குழு எட்டு முறைக்கு மேல் தூக்க முடியாத எடையை எட்டு முறையும், இன்னொரு குழு இருபது முறை தூக்கக்கூடிய எடையை இருபது முறையும் தூக்கியது. இடுப்பு, முன்கை எலும்புகளின் சில பகுதிகளில் பலன் தெரிந்தது எட்டு முறை தூக்கியவர்களிடம்தான். உணவு, மரபு, வயது எல்லாம் ஒரே உடலுக்குள் சமமாக இருக்கும்போது, வேறுபாட்டுக்கு எடையைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம். ஆண்டுக்கணக்கில் மணிக்கணக்காக உழைக்கும் சைக்கிள் வீரர்களுக்கும் நீச்சல் வீரர்களுக்கும் எலும்பு அடர்த்தி பெரும்பாலும் உயர்வாக இல்லாததன் பொருளும் இப்போது விளங்கும். வியர்வைக்கும் எலும்புக்கும் நேரடிக் கணக்கு கிடையாது.

அச்சம் எங்கிருந்து வந்தது

முதுகெலும்பு நொறுங்கிவிடும் என்ற அச்சம் ஆதாரமில்லாதது அன்று. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மெஹ்ர்ஷீத் சினாகியும் பெத் மிக்கெல்சனும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், எலும்புப்புரை உள்ள பெண்களில் முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களுள் 89% பேருக்கு முதுகெலும்பில் புதிய சிதைவுகள் தோன்றின. பின்னால் நிமிரும் பயிற்சி செய்தவர்களிடம் அது 16% மட்டுமே. எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களிடம் 67%. சிறிய ஆய்வு அது, மொத்தமே 59 பேர். இருந்தாலும் அந்த 89% என்ற எண் ஒரு தலைமுறை மருத்துவர்களின் மனத்தில் தங்கிவிட்டது.

நான் கவனித்த வரையில், அந்த எண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட பாடம் பாதி சரி, பாதி தவறு. அங்கே கேடு விளைவித்தது எடை அன்று; அந்தப் பெண்கள் கம்பி எதையும் தூக்கவில்லை. முதுகு வளையும்போது முதுகெலும்புக் கண்ணிகளின் முன்விளிம்பில் அழுத்தம் குவிந்து, ஏற்கெனவே நொய்ந்த அந்த விளிம்பு ஆப்பு வடிவில் நசுங்குகிறது. டெட்லிஃப்டைச் சரியாகச் செய்யும்போது முதுகு நேராக இருக்கும், மடிவது இடுப்பு மூட்டு. தவறாகச் செய்தாலோ, 89% பேர் செய்த அதே குனிதலைக் கையில் கனத்த எடையோடு செய்வதாக ஆகும். கண்காணிப்பு இருந்தால்தான் இந்தப் பயிற்சி என்று கிரிஃபித் குழு வலியுறுத்தியதன் காரணம் இந்த ஒற்றை வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. எட்டு மாதத்தில் கனமாகத் தூக்கிய குழுவில் பதிவான பாதகம் ஒன்றே ஒன்று: ஒருவருக்கு அடிமுதுகில் சிறிய தசைப்பிடிப்பு. அவர் 70 அமர்வுகளில் 2 அமர்வுகளைத் தவறவிட்டார். பின்னர் படங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையிலும், இந்தப் பயிற்சி முதுகெலும்பு முறிவை உண்டாக்கியதாகத் தெரியவில்லை. மேல்முதுகின் கூன் சற்றுக் குறைந்தே இருந்தது.

எலும்போடு பிணைந்தவை

தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது பிணைப்புநார். இரண்டும் பெரும்பாலும் கொலாஜன் இழைகளால் ஆனவை. இரண்டுக்கும் இரத்த ஓட்டம் குறைவு. கம்பியைத் தூக்கும் விசை தசையில் பிறந்தாலும், அது எலும்பை எட்டுவது தசைநாண் வழியாகத்தான். எனவே எலும்புக்காகச் சுமையைக் கூட்டும் ஒவ்வொருவரும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தசைநாணையும் சோதிக்கிறார்கள்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. புதிதாகப் பயிற்சி தொடங்குபவரின் வலிமை முதல் சில வாரங்களிலேயே ஏறத் தொடங்கும், ஏனெனில் நரம்புகள் தசையை இன்னும் திறமையாக இயக்கக் கற்றுக்கொள்கின்றன. தசைநாண் அந்த வேகத்தில் வராது. கடுமையான ஒரு பயிற்சிக்குப் பிறகு தசைநாணில் கொலாஜன் உற்பத்தி ஒரு நாள் கழித்தே உச்சத்தை எட்டுவதையும், மூன்று நாட்கள் ஆகியும் இயல்புக்குத் திரும்பாததையும் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். வாரம் இருமுறை என்ற கிரிஃபித் அட்டவணை இந்தத் தாளத்தோடு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இதைவிட வியப்பான செய்தி, அதே கோபன்ஹேகன் வட்டாரத்திலிருந்து 2013இல் வந்தது. வல்லரசுகள் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்ததால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறத்தாழ இரு மடங்கானது. அத்தகைய சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்லக் குறைந்தது. ஒரு திசு எந்த ஆண்டில் உருவானதோ அந்த ஆண்டின் கார்பன் அளவு அதில் முத்திரையாகப் பதிந்திருக்கும். இறந்தவர்கள் 28 பேரின் குதிகால் தசைநாணை இந்த முறையில் ஆராய்ந்தபோது, அதன் மையப்பகுதி வாழ்வின் முதல் 17 ஆண்டுகளில் உருவாகி, அதற்குப் பின் ஏறக்குறையப் புதுப்பிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. கோல்ட் கோஸ்டில் கம்பியைத் தூக்கிய 65 வயதுப் பெண்ணின் குதிகால் தசைநாணுக்கும் இது பொருந்துமானால், அதன் நடுப்பகுதி அவர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நெய்யப்பட்டது.

அப்படியானால் வளர்ந்தவர்களின் தசைநாணுக்குப் பயிற்சியால் பயனே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. 2007இல் வெளிவந்த ஒரு டேனிஷ் ஆய்வில், ஆண்கள் 12 வாரம் ஒரு காலைக் கனமான எடையாலும் மறுகாலை இலேசான எடையாலும் பயிற்றுவித்தார்கள். இரு கால்களும் செய்த மொத்த வேலை சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். முழங்கால் சில்லுத் தசைநாணின் விறைப்பு கூடியது கனமாகத் தூக்கிய காலில் மட்டுமே. (விறைப்பு என்றதும் காலையில் மூட்டு மடங்காத தொல்லை நினைவுக்கு வரும், இங்கே அந்தப் பொருள் இல்லை. இழுத்தால் தொய்யாமல் விசையை முழுதாகக் கடத்தும் குணம் என்று கொள்ள வேண்டும்.) ஆக, எலும்பைப் போலவே தசைநாணும் எண்ணிக்கையை விட்டுவிட்டு எடையைக் கவனிக்கிறது. ஆனால் அதற்கான பலனை மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டுதான் தருகிறது.

முதல் மாதத்தை முக்கியம் என்று நான் சொன்னது இதனால்தான். ஆய்வாளர்கள் அதை அசைவைக் கற்கும் காலமாக வைத்தார்கள். தசைநாணுக்கு அது அவகாசமாகவும் அமைந்தது. ஜிம்மில் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் தோளும் முழங்கையும் வலிக்கிறது என்று நிறுத்திவிடுபவர்கள் பலர், தசையின் வேகத்தில் எடையைக் கூட்டிவிட்டவர்கள். லிஃப்ட்மோர் தசைநாணை அளக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தத் தொடர்பு என் வாசிப்பு, அவர்களின் முடிவு அன்று.

எங்கே நிற்க வேண்டும்

ஆய்வின் எல்லைகளைப் பார்க்காமல் இதைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்வது தவறு. முதலாவது, எலும்பு முறிவு குறைந்ததா என்பதற்கு இதில் விடை இல்லை. 101 பேரை எட்டு மாதம் பார்த்து அதைச் சொல்லவும் முடியாது. வயதானவர்களின் முதுகெலும்பில் வளரும் எலும்பு முட்களையும் டெக்சா ஸ்கேன் அடர்த்தியாகவே எண்ணிவிடும் என்பதால், முதுகெலும்பு எண்களைச் சற்றுத் தள்ளுபடியோடு படிப்பது நல்லது. 2.9% என்பது சராசரி. அதன் சிதறல், அதாவது திட்ட விலக்கம், 2.8%. பரவல் வழக்கமான மணி வடிவில் இருந்தால், கனமாகத் தூக்கியும் முதுகெலும்பில் எதுவும் கூடாதவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இருந்திருப்பார்கள்.

பலன் தந்தது கம்பியா, குதித்து இறங்கியதா என்பதையும் பிரித்தறிய வழியில்லை, இரண்டும் ஒரே பொட்டலமாகவே தரப்பட்டன. ஒரு குழுவுக்குப் பயிற்சியாளர் அருகில் நின்றார், மறுகுழு வீட்டில் தனியே செய்தது. இந்தப் பயிற்சி பின்னர் 'ஒனெரோ' என்ற பெயரில் உரிமம் பெற்ற திட்டமாக வளர்ந்திருப்பதும், அதை உருவாக்கியவர்கள் இதே குழுவினர் என்பதும் படிப்பவர் அறிந்திருக்க வேண்டியவை. அதற்காக எண்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இதே பலனை வேறு கூடங்களில், வேறு கைகளில் எதிர்பார்க்கலாமா என்று கேட்டுக்கொள்ளலாம். அண்மையில் எலும்பு முறிந்தவர்களும், கடுமையான உடற்பயிற்சி கூடாத உடல்நிலை கொண்டவர்களும் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டிருந்தார்கள். ஆகவே எலும்புப்புரை உள்ள ஒருவர் இதைப் படித்துவிட்டு வீட்டில் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பதற்கும் லிஃப்ட்மோருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கடைசியாக, எட்டு மாதத்துக்குப் பிறகு என்ன என்ற கேள்வி. அமெரிக்காவின் ஒரேகானில், மாதவிடாய் நிற்காத பெண்களிடம் ஓராண்டு எடைப்பயிற்சியும் குதிப்பும் கொடுத்து, பிறகு ஆறு மாதம் முழுவதுமாக நிறுத்திப் பார்த்த ஆய்வு 2000இல் வெளியானது. ஓராண்டில் இடுப்பு எலும்பில் சேர்ந்தது, அந்த ஆறு மாதத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. அந்தப் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனின் துணை இருந்தது. 65 வயதுப் பெண்ணுக்கு அந்தத் துணையும் இல்லை.